வாய் மோந்த அரசின் மறுமொழி

நலம் பெருகுக. மாரி தன் நாள் தவறாது பொழிக. கொற்றங்குடி நாட்டின் அரியணையில் பதினேழாம் ஆண்டாக வீற்றிருப்பவரும், மூன்று ஆறுகளுக்கு உரியவரும், அவற்றுள் ஒன்றில் நீரும் உடையவரும், எவரும் படையெடுத்து வராமையால் இந்நாள்வரை தோல்வி இன்னதென்று அறியாதவரும், மாற்றார் கண்டு நடுங்கும் மீசையை நாள்தோறும் நெய்யிட்டுப் பேணுபவருமாகிய மன்னர் செழியங்கோ மானவேள் அவர்களின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் கீரங்கொற்றன் எழுத்தாணி பிடித்து வரைந்தது. இதற்கு மேலும் நாற்பத்திரண்டு பட்டங்கள் உள. ஓலை நீளும் என்பதால் மன்னர் பெருமானே கையசைத்து விலக்க, அவை விலக்கப்பட்டன. இந்த ஆண்டு இந்நாட்டில் நிகழ்ந்த அதிசயங்களில் அதுவும் ஒன்று.

கழியும் கானலும் கப்பல் துறையும் செழித்த நெய்தலங்காவின் அரசியார் இளங்கண்ணி நாச்சியார் திருமுன் இவ்வோலை பணிவுடன் வைக்கப்படுகிறது. தங்கள் உப்பளங்கள் விளைக. தங்கள் வலைகள் கனக்க. தங்கள் அமைச்சர்கள் குறைவாகப் பேசி நிறைவாக வாழ்க.

தாங்கள் விடுத்த ஓலை சென்ற வளர்பிறை ஏழாம் நாளில் வந்து சேர்ந்தது. ஐந்து திங்களுக்குள் எம் குடிகள் இருநூற்றுப் பதினால்வர் தங்கள் கரையில் ஓடத்திலிருந்து இறக்கிவிடப்பட்டனர் என்றும், இவர்கள் திருந்தாக் குடிகாரர் என்று எம் ஓடக்காரர் உரைத்தனர் என்றும், ஆனால் அவர்களோ கோழி கூவும் முன் எழுந்து வலை இழுக்கவும் கிளிஞ்சல் அள்ளவும் போகின்றனர், இத்தனை காலையில் எழும் குடிகாரரைத் தங்கள் நாட்டில் தாங்கள் கண்டதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதனோடு, தங்கள் அமைச்சர்களும் எம் நாட்டைப் பார்த்துக் கள்ளையும் கஞ்சாவையும் புகையிலையையும் விலக்கச் சொல்லி நெருக்குவதாகவும், குடிகள் தம் வாயில் இடுவதை அரசு ஆளலாமா ஆளலாகாதா என்பதை ஒளிவுமறைவின்றி எழுதுமாறும் கேட்டிருந்தீர்கள். முதல் வினாவுக்கு விடை கூற இவ்வரசு வெட்கப்படுகிறது. இரண்டாம் வினாவுக்கு விடை அந்த வெட்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி கேட்டருள்க.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவையில் எவர் எதைப் பேசினாலும் பேசியபடியே பொறிக்க வேண்டும், எழுத்தன் ஓர் எழுத்தையும் திருத்தலாகாது என்பது இந்நாட்டின் பழைய வழக்கம். ஆதலால் இவ்வோலையில் ஆங்காங்கே தமிழ் செருப்பில்லாமல் நடந்து வரும். பொறுத்தருள்க.

கிளிஞ்சல்துறை என்பது எம் ஆற்றங்கரைச் சிற்றூர். அவ்வூரில் வெண்ணி என்பாள் சுண்ணாம்புச் சூளை வைத்திருப்பவள். அவள் கணவன் காரி ஆற்றில் இறங்கிக் கிளிஞ்சல் அள்ளிக் கொடுப்பான். அவள் சுட்டு நீற்றுவாள். தலைநகரில் வெற்றிலை போடும் வாய்களில் பாதி அவள் சுண்ணாம்பால் சிவந்தவை. ஏழு திங்களுக்கு முன் ஒரு நாள் முற்பகலில் வெண்ணி வீங்கிய கன்னத்தோடு அவைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து அவை நடுவே வைத்தாள். எழுத்தன் பொறித்தது வருமாறு:

"மவராசா, எம் புருசன் நேத்துக் குடிச்சுட்டு வந்து என்னைய அடிச்சுட்டான். இந்தா பல்லு. கேளுங்க."

கேளுங்கள் என்றுதான் சொன்னாள். எதைக் கேட்பது என்பதை அவையின் அறிவுக்கே விட்டாள். அங்கேதான் பிழை செய்தாள். கணவன் செய்த காரியங்கள் இரண்டு: குடித்தது ஒன்று, அடித்தது ஒன்று. அவையில் அன்று பதினெண்மர் அமர்ந்திருந்தனர். அடித்ததைப் பிடித்துக்கொண்டால் வழக்கு எவ்வளவு தூரம் போகும், எந்தெந்த மாளிகை வாசலில் நின்று கதவைத் தட்டும் என்பதை அவரவர் மனத்துக்குள் அளந்து பார்த்தனர். பின்பு பதினெண்மரும் ஒரே குரலில் குடித்ததைப் பிடித்துக்கொண்டனர். பல்லை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. வெண்ணியே அதைத் திரும்ப முடிந்துகொண்டு போனாள்.

மறுவாரமே முரசறையப்பட்டது. கள், கஞ்சா, புகையிலை மூன்றும் நாட்டை விட்டு நீங்குக. முதல் முறை அகப்பட்டவனுக்குப் பாதித் தலை மழிக்கப்படும். இரண்டாம் முறை அகப்பட்டவன் முப்பது நாள் கோட்டைக்குக் கல் சுமப்பான். மூன்றாம் முறை அகப்பட்டவன் ஓடம் ஏற்றப்பட்டு அக்கரைக்குக் கடத்தப்படுவான். அக்கரை என்பது தங்கள் நாடு என்பதோ, தங்களிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்பதோ எவர் நினைவுக்கும் வரவில்லை. முரசொலி அத்தனை இனிமையாக இருந்தது.

கள் ஊறுவது பனையில் ஆகையால் பனைகளை வெட்டவும் ஆணை பிறந்தது. ஆணையை நாடெங்கும் அனுப்ப நாலாயிரம் ஓலை வேண்டியிருந்தது. மூன்று ஊர்ப் பனைகள் சாய்ந்த பிறகு, மற்ற ஊர்களுக்கு ஆணை எழுத ஓலை இல்லை என்று ஓலைநாயகம் ஓடிவந்து மன்னர் காலில் விழுந்தார். அறம் தடுக்காததை ஓலைப் பஞ்சம் தடுத்தது. மிஞ்சிய பனைகள் அவ்வாறே பிழைத்தன. இவ்வோலையும் அவற்றுள் ஒன்றில் விளைந்ததே.

குடித்தவனைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அரசு எந்தக் கேள்விக்கும் ஒரு பதவியைப் படைத்து விடை சொல்லும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அரண்மனை அடுக்களையில் நெய்யின் பதம் பார்த்து வந்த ஆந்தை என்பவர் அழைக்கப்பட்டு, மோப்பாதிராயர் என்ற பட்டமும், வெள்ளிக் கைத்தடியும், முன்னால் ஊதிச் செல்ல ஒரு கொம்பும் அளிக்கப்பட்டார். மாலைதோறும் நகர வாயிலில் அவர் பீடமிட்டு அமர்வார். உள்ளே வருகிற ஒவ்வொரு குடியும் அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து 'ஃகா' என்று ஊத வேண்டும். ஊதிவிட்டால் ஆந்தையார் கண்ணை மூடுவார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் போகலாம், மேலும் கீழும் ஆட்டினால் நாவிதன் வருவான். இந்நாட்டில் ஒருவன் தலை பாதி மழிக்கப்படுவது அவ்வளவு எளிதாயிற்று.

குடிகள் சும்மா இருப்பார்களா? பூண்டு தின்று ஊதினார்கள். ஏலம் கடித்து ஊதினார்கள். ஒருவன் வேப்பெண்ணெய் குடித்துவிட்டு வந்து ஊதியதில் மோப்பாதிராயர் இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். வெற்றிலை வாசனை கள் வாசனையை மறைக்கிறது என்று அவர் படுக்கையிலிருந்தே ஓலை விட, வெற்றிலையும் விலக்கப்பட்டது. வெற்றிலை போனால் சுண்ணாம்பு எதற்கு? வெண்ணியின் சூளை அணைந்தது. புருசன் அடித்ததைச் சொல்ல வந்தவள், பிழைப்பையும் இழந்து நின்றாள்.

பெரியோர் நிலை என்ன என்று தாங்கள் வினவக்கூடும். பெரியோர்க்கு வழி இல்லாத சட்டத்தைப் பெரியோர் எழுதுவதில்லை. குடியாமல் உயிர் தரியாதவர்க்கு விலக்கு உண்டு என்று ஆணையின் அடியில் ஒரு வரி இருந்தது. அப்படிப்பட்டவர்க்கு 'இன்றியமையாக் குடியர்' என்று செப்புத் தகடு வழங்கப்படும். கை நடுக்கம் உள்ளவன் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். முரசறைந்த மறுநாள் விடியலில் மருத்துவர் நல்லந்தையாரின் வாசலில் பதினெட்டுப் பல்லக்குகள் நின்றன. படைத்தலைவர் வேழத்தரையர் இரண்டு கைகளையும் நீட்டி ஆலிலைபோல நடுக்கிக் காட்டினார்.

"நல்லா பாருங்க வைத்தியரே, எப்படி ஆடுதுன்னு. எனக்கு முதல் தரத் தகடுதான் வேணும். அந்தக் கருவூலத்தாருக்கு ரெண்டாம் தரம் போதும், அவரு நேத்துத்தான் ஆரம்பிச்சாரு" என்று அவர் சொன்னதாக மருத்துவர் பின்னாளில் அவையில் உரைத்தார். அன்று பிற்பகலே வாளேந்தும் விழாவில் அதே கைகள் துளியும் ஆடாமல் நின்றன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டில் மிகப் பெரிய குடிகாரர் யார் என்பதில் மாளிகைகளுக்குள் போட்டி மூண்டது. தகட்டைக் கழுத்தில் அணிந்துகொண்டு திருவிழாவில் முன்வரிசை கேட்டோரும் உண்டு. நாள் முழுதும் இடுப்பளவு நீரில் நின்று கிளிஞ்சல் அள்ளிவிட்டுக் கரையேறி ஒரு மொந்தை குடிப்பவனுக்கோ கை நடுங்கவில்லை. உழைத்த கை. ஆகவே தகடு இல்லை.

காரி முதல் முறை அகப்பட்டது மெய். இரண்டாம் முறை அகப்பட்டதும் மெய். கல் சுமந்து தோல் உரிந்து வந்த பிறகு அவன் கள்ளை விட்டுவிட்டான். நாற்பது நாள் தொடவில்லை. நாற்பத்தோராம் நாள் காலையில் வெண்ணி ஊற்றிய நீராகாரத்தைக் குடித்து, சட்டியில் கிடந்த பழைய சோற்றைச் சின்ன வெங்காயத்தோடு தின்றுவிட்டு, அவள் கேட்காமலே நகருக்கு வேலை தேடிக் கிளம்பினான். அன்று மோப்பாதிராயர் ஊக்க மிகுதியால் காலையிலேயே பீடமிட்டிருந்தார். காரி வாய் திறந்து ஊதினான். புளித்த வாடை எழுந்தது. வாயை மணக்கச் செய்ய வெற்றிலை நாட்டிலேயே இல்லை. ஆந்தையார் கண்ணை மூடினார். தலை மேலும் கீழும் ஆடிற்று.

வெண்ணி ஓடத்துறைக்கு ஓடிவந்தபோது காரி ஏற்கெனவே ஓடத்தில் இருந்தான். அவன் சொன்னதை அவள் அவையில் அப்படியே சொன்னாள், அப்படியே பொறிக்கப்பட்டது: "ஒன்னைய அடிச்சதுக்குன்னா வாயை மூடிக்கிட்டு ஏறிப் போயிருவேன் வெண்ணி. பழைய சோத்துக்கு ஏத்துறாங்களே!"

அரசியார் அவர்களே, தங்கள் கரையில் கோழிக்கு முன் எழுகிற இருநூற்றுப் பதினால்வரில் பெரும்பாலோர் நீராகாரம் குடித்தவர்கள். இந்நாட்டில் உழைப்பவர் எல்லோரும் காலையில் உண்பது அதுவே. அரண்மனை அடுக்களையிலேயே பிறந்து வளர்ந்த ஆந்தையாருக்கு மட்டும் அந்த வாடை பழக்கமில்லை. நெய் அறிந்த மூக்கு அது. நீராகாரம் அறியாத மூக்கு. பட்டமும் கொம்பும் தந்த இவ்வரசு அதை முதலில் கேட்டறிந்திருக்க வேண்டும்.

வெண்ணி மறுபடியும் அவைக்கு வந்தாள். இம்முறை தலையில் ஒரு மண்சட்டி இருந்தது. மோப்பாதிராயரின் மூக்கு தவறியது என்று அவள் சொன்னதும் அவை கொதித்தெழுந்தது. பட்டம் பெற்ற மூக்கு தவறுமா, தவறினால் பட்டம் அளித்த மன்னர் தவறியவர் ஆகாரா என்று வேழத்தரையர் முழங்கினார். அவர் கழுத்தில் முதல் தரத் தகடு மின்னியது. வெண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாமி, கத்தாதீங்க. ஒரு திரையைக் கட்டுங்க. அதுல வாய் அளவுக்கு ஒரு ஓட்டை போடுங்க. சோறு தின்னவன் ரெண்டு பேரு, கள்ளு குடிச்சவன் ரெண்டு பேரு அந்தப் பக்கம் நிக்கட்டும். இந்தப் பக்கம் நின்னு ஆந்தையாரு மோந்து பாக்கட்டும். யாரு எதுன்னு சரியாச் சொல்லிட்டாருன்னா, நானும் எம் புருசன் பின்னாடியே ஓடம் ஏறிடுறேன். எனக்கும் சூளை அணைஞ்சு போச்சு, இங்க என்ன இருக்கு?"

"கள்ளுக்கு எங்கே போவது?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவரை நோக்கி மற்றெல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் தம் கழுத்துத் தகட்டை மேலாடையால் மூடிக்கொண்டார். நாட்டின் நலன் கருதி வேழத்தரையர் தாமே குடிக்க முன்வந்தார். அவரைத் தனியே விடலாகாது என்று கருவூலத்தாரும் உடன்பட்டார். அவ்வளவு காலையில் நாட்டுக்காகத் துணிந்த இருவரை இவ்வவை முன்பு கண்டதில்லை.

திரை கட்டப்பட்டது. ஆந்தையார் கொம்பு ஊத வந்து முன்பக்கம் அமர்ந்தார். பின்பக்கம் வெண்ணி சட்டியைத் திறந்து காவலர் இருவருக்குச் சோற்றைப் பிழிந்து வைத்தாள். அங்கேதான் எவரும் எண்ணாத ஒன்று நிகழ்ந்தது. மன்னர் பெருமான் அரியணையிலிருந்து இறங்கித் திரைக்குப் பின்னால் வந்தார். முடிசூடிய நாள் முதல் பழைய சோறு அரச மரபுக்கு ஒவ்வாது என்று அவருக்குப் பரிமாறப்பட்டதே இல்லை. பதினேழாண்டுப் பசி. சட்டியையும் வெங்காயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் இருக்கா?" என்றார் மெல்ல.

"இருக்கு மவராசா. ஒக்காருங்க. மொளகா கடிப்பீங்களா?"

மன்னர் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. நெய்யிட்ட மீசையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துச் சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை. பின்பு ஐந்தாம் ஆளாகத் தாமும் வரிசையில் நின்றார்.

முதல் வாய் வேழத்தரையருடையது. அவர் ஏலமும் கிராம்பும் நன்றாக மென்றிருந்தார். ஆந்தையார் கண்ணை மூடி, "ஆகா, தூய வாய். கோயில் பிரசாதம் மாதிரி இருக்கு. இவருக்கு ஏதாவது பட்டம் கொடுக்கலாம்" என்றார். கருவூலத்தார் வாயும் அவ்வாறே தூயதாயிற்று. காவலர் இருவரும் நெடுநாள் குடிகாரர் ஆயினர். ஐந்தாம் வாய் ஊதியதும் மோப்பாதிராயர் பின்வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்பப்பா! இவன் விடாம மூணு நாள் குடிச்சவன்! இவனுக்கு நாவிதன் எதுக்கு, கல்லு எதுக்கு? நேரா ஓடத்துல ஏத்துங்கய்யா!"

திரை விலகிற்று. மன்னர் நின்றிருந்தார், மீசையில் பருக்கையும் இருந்தது. ஆந்தையாரின் வெள்ளித் தடி கீழே விழுந்து உருண்டது.

"எந்தத் துறையில ஏறணும் ஆந்தை?" என்று கேட்டார் மன்னர் பெருமான். அவை மரபு தவறாத அவர் வாயிலிருந்து இவ்வாறு ஒரு சொல் வந்தது அன்றே முதன்முறை. எழுத்தன் அஞ்சி நிறுத்த, பொறி என்று அவரே பணித்தார்.

அப்போதே மன்னர் எல்லா விலக்கையும் நீக்குவதாக அறிவித்தார். அவை ஆரவாரித்தது. வேழத்தரையரின் ஆரவாரத்தில் மட்டும் சற்று வருத்தம் கலந்திருந்தது. எல்லோரும் குடிக்கலாம் என்றால் முதல் தரத் தகட்டுக்கு என்ன மதிப்பு? முரசுக்காரன் தோலை இறுக்கத் தொடங்கினான். வெண்ணி நடு அவையில் நின்றபடியே நின்றாள்.

"மவராசா, முரசை நிறுத்தச் சொல்லுங்க. நான் கள்ளை நிறுத்தச் சொல்லியும் வரலை, கள்ளைத் திறந்து விடச் சொல்லியும் வரலை. ஆறு மாசமா இந்தச் சபையில கள்ளு, கள்ளுன்னே பேசுறீங்க. நாப்பது நாள் கள்ளைத் தொடாம இருந்தான் எம் புருசன். அந்த நாப்பது நாள்ள ஒரு நாளு என்னைய அடிச்சான். கள்ளை நிறுத்தினான், கையை நிறுத்தலை. கள்ளுக் குடிக்காம அடிச்சா வலிக்காதா? செய்யாததுக்கு அவனை ஓடம் ஏத்துனீங்க. செஞ்சதை இன்னவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. எம் பல்லு இன்னும் முந்தானையிலதான் கெடக்கு."

முடிச்சை அவிழ்த்து அதே பல்லை அதே இடத்தில் வைத்தாள். இம்முறை மன்னர் பெருமான் குனிந்து அதை எடுத்தார்.

அவையினர் மெல்ல நெளிந்தனர். வேழத்தரையர் எழுந்து, கணவன் மனைவி பூசல் வீட்டுக்குள் நிகழ்வது, வீட்டுக்குள் அரசு நுழைவது முறையன்று, குடிகளின் தனியுரிமை போற்றத்தக்கது என்று உருக்கமாக உரைத்தார். அரசியார் இதைக் கூர்ந்து நோக்கியருள்க. ஐந்து திங்களாக ஒவ்வொருவன் வாய்க்குள்ளும் மூக்கை நுழைத்தபோது அகலமாக இருந்த வாசல், வீட்டுக்குள் ஒரு பெண்ணின் பல்லைத் தேடி நுழைய வேண்டியபோது திடீரெனக் குறுகிப்போயிற்று.

மருத்துவர் நல்லந்தையார் அப்போது எழுந்தார். அவர் குறைவாகப் பேசுபவர். கள்ளால் ஈரல் கெட்டவர்களையும் புகையிலையால் வாய் புண்ணானவர்களையும் தாம் நாள்தோறும் பார்ப்பதாகவும், இவை தீங்கற்றவை என்று தம் வாயால் சொல்ல இயலாது என்றும் உரைத்தார். ஆனால் முரசறைவதற்கு முன் தம்மிடம் வந்து 'விட முடியலையே ஐயா' என்று அழுதவர்கள், முரசறைந்த பிறகு மொட்டைக்கும் ஓடத்துக்கும் அஞ்சி ஒருவரும் வரவில்லை என்றார். ஒளிந்து விற்றவர்கள் கள்ளில் ஊமத்தை விதையைக் கலந்ததால் பார்வை மங்கியவர் எழுவர், இறந்தவர் இருவர் என்றார். கடைசியாக, தாம் அளித்த பதினெட்டுச் சான்றுகளும் பொய் என்றும், அதற்குத் தண்டனை உண்டெனில் ஏற்பதாகவும் கூறி அமர்ந்தார். அவையில் அன்று வெட்கப்பட்டவர் அவர் ஒருவரே. அதனால் அவர் தண்டனையின்றி விடப்பட்டார்.

மூன்று நாள் பேசி, இவ்வரசு முடித்த முடிவைத் தங்கள் வினாவுக்கு விடையாகக் கொள்க. வளர்ந்த ஒருவன் தன் வாயில் தான் இடுவது அவன் பாடு; அதற்காக அவன் வாயை அரசு மோவாது, தலையை மழியாது. ஆனால் விற்பவன் அரசின் கண் முன் விற்க வேண்டும்; பட்டப்பகலில், ஊரறிந்த கடையில், கலப்பின்றி, மீசை அரும்பாதவனுக்கு இல்லை என்று சொல்லி விற்க வேண்டும். ஓடம் செலுத்துபவனும், சூளை மூட்டுபவனும், யானை நடத்துபவனும், தீர்ப்புச் சொல்பவனும் பணி நேரத்தில் குடித்திருந்தால் அது பிறர் உயிரோடு ஆடுவதாகும். அதை அரசு கேட்கும். நான்காவதாகத் தீர்ப்புச் சொல்பவனைச் சேர்த்தது மன்னர் பெருமான். அவையில் நால்வர் அதை எதிர்த்தனர். விட விரும்பி வருபவனுக்கு நல்லந்தையாரின் மருத்துவச்சாலை திறந்திருக்கும். அங்கு எவன் பெயரையும் எவரும் எழுதார். கை ஓங்கியவன் குடித்து ஓங்கினாலும் குடியாமல் ஓங்கினாலும் குற்றம் ஒன்றே. குடிமயக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. மாளிகைக் கைக்கும் குடிசைக் கைக்கும் வேறுபாடு இல்லை.

இதுவே முற்றும் சரியான நெறி என்று இவ்வரசு மார்தட்டவில்லை. ஓராண்டு நடத்திப் பார்க்கிறோம். பிழை கண்டால் திருத்துவோம். ஆயினும் சொல்ல மகிழ்வாக உள்ளது: மருத்துவச்சாலைக்கு முதல் வாரத்திலேயே முப்பத்தொருவர் தாமே வந்தனர். செப்புத் தகடுகள் உருக்கப்பட்டு அச்சாலைக்கு அண்டாவாயின. கள்ளில் ஊமத்தை கலந்திருக்கிறதா என்று கடைகளில் மோந்து அறியும் வேலைக்கு ஆந்தையார் அனுப்பப்பட்டார். அதில் அவர் இதுவரை பிழை செய்யவில்லை. கொம்பு மட்டும் இல்லை. வெற்றிலை மீண்டு வந்ததால் வெண்ணியின் சூளை மறுபடி புகைகிறது. கிளிஞ்சல் அள்ளத்தான் ஆள் இல்லை.

தங்கள் அமைச்சர்கள் முரசோடு வந்தால், அரசியார் முதலில் அவர்களை ஒன்று கேட்டருள்க: இந்நாட்டில் எவருடைய பல் விழுந்தது? அந்தப் பல்லுக்கு விடை சொல்லும் சட்டமா இது, அந்தப் பல்லைக் கண்ணுக்கு மறைக்கும் சட்டமா? விடை கேட்டபின் முரசை அடிப்பதும் ஆணியில் மாட்டுவதும் தங்கள் திருவுளம்.

இனி இவ்வரசு தங்களிடம் வேண்டுவது. தங்கள் கரையில் உள்ள எம் குடிகள் இருநூற்றுப் பதினால்வருக்கும் இவ்வோலை வாசித்துக் காட்டப்படுக. அவர்கள் மீது குற்றம் இல்லை என்று மன்னர் பெயரால் அறிவிக்கப்படுக. பாதித் தலை மழித்ததற்கும் கல் சுமத்தியதற்கும் ஓடம் ஏற்றியதற்கும் இவ்வரசு மன்னிப்புக் கேட்கிறது. அச்சொல் எழுதும்போது எழுத்தாணி சற்றே தயங்கியது. இம்மரபில் அது முன்பு எழுதப்பட்டதில்லை. திரும்ப விரும்புவோர் திரும்புக. தங்கள் நாட்டில் வலையும் வாழ்வும் அமைந்தோர் அங்கேயே நிலைக்கத் தாங்கள் இடம் தந்தருள்க.

இவ்வோலையைத் தங்கள் திருமுன் கொண்டுவந்து நிற்பவள் வெண்ணியே. தூதர்க்குரிய பட்டும் குடையும் அளிக்கப்பட்டன; குடையை மட்டும் வெயிலுக்கென்று வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. காரியைத் தங்கள் முன்னிலையில் அழைத்து அவள் ஒன்று கேட்பாள். நீராகாரத்துக்காக அவன் ஏற்றப்பட்டது இவ்வரசின் குற்றம். பல் போனது அவன் குற்றம். திரும்பி வந்தால் அதற்கு அவையில் விடை சொல்ல வேண்டும், ஓராண்டு வேறு வீட்டில் தங்கிச் சூளைக்குக் கிளிஞ்சல் அள்ளித் தர வேண்டும், அதன் பின் அவனைச் சேர்ப்பதும் விடுப்பதும் வெண்ணியின் விருப்பம். இதற்கு உடன்பட்டு வருகிறானா என்று அவள் கேட்பாள். ஓடத்தில் உரைத்த சொல்லை அவன் மெய்யாகவே சொன்னான் என்று அவள் நம்புகிறாள். நம்பலாமா என்று மன்னர் பெருமான் வினவியதற்கு அவள் உரைத்தது பொறிக்கப்பட்டுள்ளது:

"மறுபடி குடிச்சா நான் பாத்துக்குறேன் மவராசா, எனக்கும் வாய் இருக்கு. மறுபடி அடிச்சா நீங்க பாத்துக்கிறணும். அவ்வளவுதான் நமக்குள்ள பேச்சு."

மன்னர் பெருமான் அதற்குத் தலையசைத்தார். இந்நாட்டில் அரசும் குடியும் செய்துகொண்ட உடன்படிக்கைகளுள் இதுவே மிகச் சிறியது. இதை மீறினால் கேட்கும் உரிமை இரு பக்கத்துக்கும் உண்டு என்று இவ்வோலையால் உறுதி செய்யப்படுகிறது.

தங்கள் குடிகளும் எம் குடிகளும் ஒரே ஆற்றில் நீர் மொண்டு நீடு வாழ்க. தங்கள் செங்கோல் வளையாதிருக்க. வளைந்தால் அதைச் சொல்லத் தங்கள் அவைக்கும் ஒரு வெண்ணி வாய்க்க. கார்த்திகைத் திங்கள் வளர்பிறை பதினோராம் நாள் மானவேள் தம் கைப்பட இலச்சினை பொறித்து, எம் ஓடத்துறையார்க்கு இட்ட ஆணை இதுவாகும்: வெண்ணி ஏறிவரும் ஓடம் தங்கள் துறையில் ஏழு நாள் காத்திருக்கும். திரும்பும்போது அதில் இருவர்க்கு இடம் விடப்பட வேண்டும். ஒருவரே வந்து ஏறினாலும் ஓடக்காரன் துடுப்பை எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கலாகாது.